ஆறு மில்லிமீட்டர்

மைதீன் பிச்சை கடையில்
எல்லாரும் மரத்தைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.
நானும் தடவினேன்.
"அடியில என்ன போடுவீங்க?" என்றதும்
தலையணை வாங்க வந்தவள்
பஞ்சைக் கேட்டதுபோல் பார்த்தார்.
"அது கெடக்கும்மா, கண்ணுக்கா தெரியப்போவுது?"
ரெண்டு மில்லிமீட்டர் ஃபோம்.
விரித்தால் மிக்சர் பொட்டலத்தின் சத்தம்.
சதுரஅடி பன்னிரண்டு ரூபாய்.

கண்ணுக்குத் தெரியாததை வாங்கத்தான்
ஆட்டோ பிடித்து
வண்ணார்பேட்டை வரை வந்திருந்தேன்.

இடது காலில் காலிப்பர், வலது கையில் தடி.
பெருமாள்புரத்தில் முதல் மாடி.
ஐப்பசி ஈரத்து டைல்ஸில்
இரண்டு தரம் விழுந்தாயிற்று.
கீழ்வீட்டில் கிரேனாப்.
ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி,
பகலெல்லாம் தூக்கம்.
அந்தத் தூக்கத்தின் கூரைமேல்
ஆறு வருசமாய் நான்
இரும்பும் ரப்பருமாய் நடந்துகொண்டிருந்தேன்.
ஒருநாளும் அவள் ஒன்றும் சொன்னதில்லை.
அதுதான் எனக்குப் பெரிய சத்தம்.

உள்ளங்கை அகலத்தில் நாலு துண்டு கேட்டு வாங்கி
ஃபிரிட்ஜின் நாலு காலுக்கும் கொடுத்தேன்.
மூன்றாம் நாள் எடுத்தால்
ஃபோம் நமத்த அப்பளம்.
பழுப்புக் கம்பளி ஒருபக்கம் கட்டிதட்டிப் போயிருந்தது.
ரப்பர் அசையவில்லை, ஆனால்
வீடு முழுக்க சைக்கிள் கடை வாடை.
கார்க் மட்டும்
சாயங்காலத்துக்குள்
பள்ளத்தை மறந்து எழுந்துகொண்டது.

ஃபோமைப்போல் ஏழு மடங்கு விலை.
தேக்கை விட்டு வேங்கைக்கு இறங்கினேன்.
படுக்கையறை டைல்ஸாகவே நின்றுவிட்டது.

மரம் பதிக்க வந்த கொம்பையா
முதலில் ஒன்றையும் பதிக்கவில்லை.
டைல்ஸ் பெயர்த்த சிமெண்டில்
சதுரமாய் பாலிதீன் வைத்து
நாலு ஓரமும் டேப் ஒட்டினான்.
"ஒரு ராத்திரி கெடக்கட்டும்க்கா."
விடிந்து பார்த்தால் குளியலறைச் சுவரோரம்
உள்பக்கமாய் வேர்த்திருந்தது.
"இப்ப மூடினா மரம் முதுகு வளைச்சிரும்."
குழாய்க்காரர் வந்தார், உடைத்தார், பூசினார்.
பதினோரு நாள்
சமையலறையிலேயே படுத்தேன்.
பிறகு ரசமட்டம்.
நீளக் கம்பியை வைத்து
அடியில் ஐந்து ரூபாய்க் காசை நுழைத்துப் பார்த்தான்.
நுழைந்த இடமெல்லாம் மறுபடி பூச்சு.
காசு நுழையாத தரை என்று
கூலி கேட்கையில் சொல்லிச் சிரித்தான்.

பலகை ஏறும்முன் கூப்பிட்டான்:
"நல்லா பாத்துக்கிடுங்க, இனி பாக்க முடியாது."
கோவில்பட்டிக் கடலைமிட்டாயைத்
தகடு தகடாய் விரித்ததுபோல் கிடந்தது.
தடியோடு குறுக்கே ஒருமுறை நடந்தேன்.
தடி இருப்பதே மறந்துபோயிற்று.

குடியேறிய நாலாம் நாள்
பதினோரு மணிக்கு மணியடித்தது.
நைட்டிமேல் துண்டு, சிவந்த கண்,
கிரேனாப்.
"அக்கா, இருக்கீங்களா?"
"இருக்கேனே."
"நாலு நாளாத் தூக்கமே இல்லக்கா.
உங்க சத்தம் கேட்டா
அடுப்படிக்குப் போறாங்கன்னு புரண்டு படுத்துருவேன்.
இப்ப ஒண்ணும் கேக்கல.
விழுந்து கெடக்கீங்களோன்னு
ஃபேனையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

உள்ளே வந்து குதிகாலால்
வேங்கையை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.
"நல்ல சாமான்தான்" என்றாள்,
குறைசொல்லும் குரலில்.

இப்போதெல்லாம் காலை ஒன்பதரைக்கு,
அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும்,
படுக்கையறை டைல்ஸில் போய் நின்று
தடியை இரண்டு தரம் தட்டுகிறேன்.

மிச்சம் விழுந்த கார்க்கை
அவளே கேட்டு வாங்கிப் போனாள்,
விடிகாலை மாவாட்டும் கிரைண்டருக்கு அடியில் போட.
அந்தச் சத்தத்தைப் பற்றி
நானும்
ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை.